தரவரிசைக்குப் பலியாகும் தளிர்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் மாண்டனர். ஒவ்வொரு மரணத்தின் பின்னும் பல காரணங்கள் இருக்கக்கூடும். ஆயினும், கல்வியைச் சரக்காக்கிய கொள்கைக்கு இதில் பங்கில்லை என்று எவரும் கூற இயலாது. ராஜஸ்தானின் கோட்டா நகரமே அதற்குச் சாட்சி. குடும்பத்தின் கடன்சுமையையும் தோளில் ஏற்றிக்கொண்டு, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் அங்கே தரவரிசைக்காக ஓடுகின்றனர்.

பதினாறு வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாதென ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டியது. நூறு மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் வேண்டும், மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரிக்கக் கூடாதென 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் பணித்தது.

உத்தரவுகள் ஏட்டோடு நிற்கலாகாது. அரசுப் பள்ளிகளில் ஆலோசகர்களை நிரந்தரப் பணியிடங்களில் நியமிக்க ஒன்றிய, மாநில அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும். பயிற்சி வணிகத்திற்குக் கடிவாளம் இடவேண்டும். இக்கோரிக்கைகளை மாணவர், ஆசிரியர், மாதர் அமைப்புகள் இணைந்து முன்னெடுக்க வேண்டும்.

நமது கடமை வீட்டிலிருந்தே தொடங்குகிறது. தோல்வியுற்ற பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன் மனத்தைக் கேட்போம். ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416ஐ ஒவ்வொரு கிளையும் தன் பகுதி மக்களிடம் கொண்டுசேர்க்கட்டும்.