கற்பதற்குச் செலவிடுவதும் முதலீடே

காணி வாங்கினால் அது முதலீடு. தங்கம் வாங்கினாலும் வங்கியில் நிலையான வைப்பில் பணம் இட்டாலும் அவையும் முதலீடுகளே. ஆனால், குடும்பப் பொறுப்புள்ள முப்பது வயதுடைய ஒருவர் தொழிற்பயிற்சி ஒன்றுக்கோ மொழி வகுப்பொன்றுக்கோ பணம் செலுத்தினால் அது வீண் செலவாகவே எமது வீடுகளில் கணக்கிடப்படுகின்றது. பிள்ளைகளின் பரீட்சைக்காகக் கடன்பட்டேனும் செலவிடத் தயங்காத எமது சமூகம், வளர்ந்தவர்கள் தம்மை மேம்படுத்திக் கொள்வதற்குச் செலவிடுவதை ஏற்றுக்கொள்ளத் தயங்குவது ஏன் என்ற கேள்வி இன்று எழுப்பப்பட வேண்டியதாகும்.

கல்விக்கும் பயிற்சிக்கும் மனிதர் செய்யும் செலவை வெறும் நுகர்வாகக் கருதுவது தவறு என்பதை, 1960 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைமையுரையில் பேராசிரியர் தியோடர் சூல்ட்ஸ் வலியுறுத்தினார். பின்னர் 1979 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், பயிலும் காலத்தில் ஒருவர் இழக்கின்ற ஊதியமும் அம்முதலீட்டின் ஒரு பகுதியே எனச் சுட்டிக்காட்டினார். ஆயினும் நாடுகளின் தேசிய கணக்குகளுக்கான சர்வதேச விதிமுறைகள், பெறுமதியைச் சேமிப்பதற்காக வாங்கப்படும் தங்கத்தையும் இரத்தினக் கற்களையும் மூலதன ஆக்கத்திற் சேர்த்துக்கொண்டு, கல்விச் செலவை நுகர்வாகவே பதிவு செய்கின்றன. எமது வீட்டுக் கணக்கும் இவ்விடயத்தில் வேறுபட்டதாக இல்லை.

இதனை எவரும் எமக்குப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 1995 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோதும், வன்னியில் இறுதி யுத்தத்தின் போதும் வீடும் காணியும் நகையும் கைவிட்டுப் போயின. அந்த இழப்புகளுக்கு எந்தக் கல்வியும் ஈடாகாது. இழந்த காணிக்கான உரிமைக் கோரிக்கையை அது குறைத்துவிடவும் மாட்டாது. ஆனால், அந்நிய ஊரில் மீண்டும் வாழ்வைத் தொடங்க நேர்ந்தபோது தையற்காரரும் தச்சரும் ஆசிரியரும் தம்முடன் கொண்டுசெல்ல முடிந்தது தாம் கற்றதை மட்டுமே.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் இதே பாடத்தை வேறு விதமாகப் புகட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியபோது, பல்லாண்டு காலச் சேமிப்பின் பெறுமதி கண்முன்னே கரைந்தது. அந்த ஒரே ஆண்டில் 3 இலட்சத்திற்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புகளுக்காகப் புறப்பட்டனர். தகைமைச் சான்றிதழுடன் செல்லும் மின்னிணைப்பாளர் ஒருவருக்கும் எந்தச் சான்றுமின்றிச் செல்லும் ஒருவருக்கும் இடையில் ஊதியத்தில் மாத்திரமன்றி, பாதுகாப்பிலும் பேரம்பேசும் வலிமையிலும் பெரும் வேறுபாடு உண்டு.

அதேவேளை, கற்பதன் பெயரால் செய்யப்படும் ஒவ்வொரு செலவும் முதலீடாகிவிடாது. காணி வாங்குமுன் உறுதியைப் பரிசோதிப்பவர்கள், பாடநெறிக்குப் பணம் செலுத்துமுன் எதனையும் விசாரிப்பதில்லை. அந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு பெற்றதா, சான்றிதழைத் தொழில் வழங்குவோர் ஏற்றுக்கொள்கின்றனரா, முன்னர் பயின்றவர்கள் எங்கே பணிபுரிகின்றனர், செலவிட்ட தொகை எவ்வளவு காலத்தில் மீளும் என்ற வினாக்களுக்கு விடை காணாமற் செலவிடுவது முதலீடன்று; அது சூதாட்டத்திற்கு ஒப்பானது. கவர்ச்சியான விளம்பரங்களையும் ஒருநாள் தன்னம்பிக்கைக் கருத்தரங்குகளையும் நம்பிப் பணத்தை இழப்போர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறையின் கீழ், முன்பே பெற்ற அனுபவத்தையும் திறனையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் உள்ளது. இருபது ஆண்டுகள் மேசன் வேலை செய்தவர் மீண்டும் ஆரம்பத்திலிருந்து பயில வேண்டியதில்லை. பள்ளிவாசல்களும் ஆலயங்களும் தேவாலயங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இத்தகவலை மக்களிடம் கொண்டுசெல்லுமாயின் அது பேருதவியாக அமையும். பெண் பிள்ளைக்கு நகை சேர்க்கும் பெற்றோரும், அதில் ஒரு பகுதியை அவளது தொழிற்றகைமைக்கு ஒதுக்குவது குறித்துச் சிந்திக்க வேண்டும். அடகு வைக்க முடியாத அந்தச் சொத்து எவராலும் பறிக்க முடியாததாகவும் இருக்கும்.

எனினும், முழுப் பாரத்தையும் தனிமனிதர் மீது சுமத்திவிட்டு அரசு ஒதுங்கிவிட முடியாது. நாட்கூலியில் வாழும் ஒருவருக்கு ஆறு மாதப் பயிற்சி இலவசமாகக் கிடைத்தாலும், அக்காலத்தில் அவர் இழக்கும் கூலியே அவரைத் தடுத்துவிடுகின்றது. சூல்ட்ஸ் குறிப்பிட்ட அந்த மறைமுகச் செலவைத் தோட்டத் தொழிலாளியாலோ மீனவராலோ தனித்துத் தாங்க முடியாது. பயிற்சிக் காலக் கொடுப்பனவும், மாலை மற்றும் வார இறுதி வகுப்புகளும், தமிழ் மொழி மூலமான போதனையும் மதிப்பீடும் வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

1945 இல் இலவசக் கல்வியை நடைமுறைப்படுத்திய இந்நாடு, ஒரு வறிய நாட்டினால் அச்செலவைத் தாங்க முடியுமா என்று தயங்கி நின்றிருக்குமாயின் பல தலைமுறைகள் எழுத்தறிவின்றிப் போயிருக்கும். அன்று பிள்ளைகளுக்காகக் காட்டப்பட்ட அதே துணிவு இன்று வளர்ந்தவர்களுக்காகவும் காட்டப்பட வேண்டும். வீட்டுக் கணக்கிலும் அரசின் வரவு செலவுத் திட்டத்திலும் கற்றல் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகின்றது என்பதிலேயே அடுத்த நெருக்கடியை நாம் எவ்வாறு எதிர்கொள்ளப் போகின்றோம் என்பது தங்கியுள்ளது.