பேப்பர் அடைத்த கேஸட்

தேவேந்திரா என்று ஒரு பாடகர். பெயரைக் கேட்டதும் நம்ம திண்டிவனம் பக்கத்து ஆளாக்கும் என்று நினைத்தேன். இல்லை சார், அமெரிக்கா! முழுப் பெயர் தேவேந்திரா பன்ஹார்ட். 1981-ல் ஹூஸ்டனில் பிறந்து, வெனிசுலாவில் வளர்ந்தவர். அப்பா, அம்மா இருவரும் நம்ம ஊர் பிரேம் ராவத்தின் சீடர்கள். அவர் வைத்த பெயர்தான் தேவேந்திரா.

இவருடைய 2002 ஆல்பம் ஒன்றை, நண்பன் ரொம்பச் சொன்னானே என்று, வீராம்பட்டினம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் போட்டேன். தலைப்பு கல்யாணப் பத்திரிகை நீளம். 'ஓ மீ ஓ மை' என்று ஆரம்பித்து, படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

பாட்டு ஆரம்பித்தது. உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, எண்ணெய் காயற மாதிரி சத்தம் வருது?"

அம்மா காது தப்பாது. அது டேப் இரைச்சல். மனிதர் ஸ்டூடியோ பக்கமே போகவில்லை. இரவல் வாங்கிய நாலு டிராக் கேஸட் ரெக்கார்டரில் பாடிப் பதிந்தவை அவை. சில பாட்டுகள் நண்பரின் ஆன்சரிங் மெஷினில்! இந்த நாலு டிராக் பெட்டி 1979 வாக்கில் கடைக்கு வந்தது. முதலில் கிடார், அப்புறம் குரல், அதன் மேல் இன்னொரு குரல் என்று தனி ஆளாகவே ஒரு கோஷ்டி சேர்த்துவிடலாம். சம்பளம், படிக்காசு மிச்சம். (பி.காம். படித்தவன் புத்தி வேறெங்கே போகும்?)

இந்த ஜாதிப் பாட்டுக்கு 'ஸைக்கடெலிக் ஃபோக்' என்று பெயர். நாட்டுப்பாட்டு மாதிரி சாதுவாகக் கிளம்பி, பாதித் தூக்கத்தில் பேசுகிற மாதிரி எங்கேயோ போய் நிற்கும். அறுபதுகளில் பிறந்த சரக்கு. ஸ்காட்லாந்தின் 'இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட்' 1967-லேயே இதில் நம்ம சிதாரைக் கலந்துவிட்டது.

தேவேந்திராவின் டேப்பைக் கேட்ட மைக்கேல் ஜிரா என்பவர், 'வா தம்பி, நல்ல ஸ்டூடியோவில் மறுபடி பாடு' என்று இழுத்துப் போகவில்லை. இரைச்சலோடு அப்படியே வெளியிட்டார். எங்கள் கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. பொருள் தேயத் தேய மதிப்பு குறையும். இங்கே தேய்மானமே சொத்தாகிவிட்டது!

இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆயா பாட்டு கேஸட்டும் இப்படித்தான் கேக்கும், இல்ல?"

எனக்கு வாய் அடைத்துப்போனது.

1991-ல் செங்கழுநீர் அம்மன் தேருக்கு வந்த துபாய் மாமா, டேப் ரெக்கார்டரைத் திண்ணையில் வைத்து ஆயாவின் தாலாட்டைப் பதிந்தார். பின்னணி இசை: கடல், காக்காய், ஒரு வயசுப் பையனான என் அழுகை. யாரும் அழித்துவிடக் கூடாதென்று கேஸட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு காதையும் மாமா உடைத்துவிட்டார். உடைத்தால் ரெக்கார்ட் பட்டன் இறங்காது.

எட்டாம் வகுப்பில் ஒரு விஞ்ஞானி அந்த ஓட்டையில் பேப்பரை மடித்து அடைத்தான். பட்டன் இறங்கியது. ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு ஏறியது. ஆயா இறங்கினாள். விஞ்ஞானி நான்தான். அடுத்த வருஷம் ஆயா நிஜமாகவே போய்ச் சேர்ந்தாள். "டேப்புல பூஞ்சை பிடிச்சிடுச்சும்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேலாக அதே பூஞ்சைதான்.

அன்றைக்குத் திண்ணையில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேப்பரை எடுக்காமலே வெச்சிருந்தியே, அப்பவே பார்த்தேன்" என்றாள்.

வாஷ்டி பன்யன் என்று ஓர் இங்கிலாந்து அம்மணி. 1970-ல் ஓர் ஆல்பம் போட்டார், விற்கவில்லை. பாட்டையே விட்டுவிட்டுக் குடும்பம் நடத்தப் போய்விட்டார். 2000-ல் அது மறுபடி வெளிவந்ததும் உலகம் தேடி வந்தது. 2004-ல் இதே தேவேந்திராவோடு சேர்ந்து பாடினார். 2005-ல் தன் இரண்டாவது ஆல்பம் கொண்டுவந்தார். இடைவெளி 35 வருஷம்! பதிவு ஒன்று எங்கேயோ பத்திரமாக இருந்ததால் வந்த வாழ்வு. ஆயாவுக்கு அந்த வழியை நான் அடைத்துவிட்டேன், ஒரு துண்டு பேப்பரால்.

"அந்தத் தாலாட்டு உனக்கு ஞாபகம் இருக்காம்மா?"

"பாதி இருக்கு."

செல்போனில் ரெக்கார்டரைத் தட்டினேன். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஃபேனை நிறுத்துடா, சத்தம் விழும்."

"ஓடட்டும்மா."

பாதிப் பாட்டுதான். நடுவில் மறந்துபோய், "இரு, இரு" என்கிறாள். அதுவும் பதிவாகியிருக்கிறது. மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை அடைப்பதற்கு ஓட்டை கிடையாது.

உங்கள் வீட்டிலும் பாதிப் பாட்டு ஒன்று இருக்கும். இன்றைக்கே கேட்டுவிடுங்கள் சார்.