ஒலிநாடாவிலிருந்து கோப்புக்கு: சில கட்டளைகள், சில பிடிவாதங்கள்

ஒலி, ஒளிக் கோப்புகளை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றும் மென்பொருளைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்களைப் பொறுத்தவரை இது கணினிப் பேச்சு அல்ல, பதிப்புப் பேச்சு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்பதைக் குறித்துவைப்பதையும் பதிப்பாசிரியரின் வேலையாகவே கருதினார். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது நமக்கு இருந்த அந்த விழிப்பு, நாடாவிலிருந்து கோப்புக்கு வரும்போது ஏன் காணாமற்போயிற்று என்பதே எங்கள் கேள்வி.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் பரண்மீது ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதில் ஒலிநாடாப் பேழைகள். பழைய திரைப்பாட்டு, காதுகுத்து விழாப் பேச்சு, மகன் வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பியது, பாட்டியின் ஒப்பாரி. இவற்றுக்கிடையே திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பதிந்த கூத்தும் அகப்படும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடும் கூத்தைப் பக்கத்துக்கு 45 நிமிடம் கொண்ட தொண்ணூறு நிமிடப் பேழைகளில் பதிவதென்றால் ஆறு பேழை வேண்டும். பேழையைத் திருப்பிப் போடும் நேரத்தில் துரியோதனன் பேசியது காற்றோடு போயிருக்கும். மிஞ்சியதாவது மிஞ்சட்டும் என்பதுதான் இன்றைய நிலை. அந்த இரவில் ஆடியவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் பாடிய பாடம் அச்சேறியதும் இல்லை. நாடாவின் காந்தப்பூச்சு உதிர்வது ஒருபுறம், அதை ஓட்டும் கருவி கிடைக்காதது மறுபுறம். வீட்டு ஒளிநாடாக் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபூனாய், 2016 ஜூலையில் அதை நிறுத்திக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணகம் 2015இல் காந்தநாடாக்களுக்குக் குறித்த காலக்கெடு 2025. அந்த ஆண்டுக்குள் மாற்றப்படாதவற்றில் பெரும்பாலானவை கைநழுவும் என்றது.

ஆகவே மாற்ற வேண்டும். மாற்றவும் செய்கிறார்கள். பேழையை எடுத்துக்கொண்டு நகரத்துக் கடை ஒன்றுக்குப் போனால் மறுநாள் ஒரு பென்டிரைவில் எம்பி3 கோப்புகள் வந்துவிடுகின்றன. என்ன வீதத்தில் சுருக்கினீர்கள், இரைச்சலை நீக்கினீர்களா என்று கேட்டால், 'எல்லாம் செட்டிங்படிதான்' என்பது பதில். பேழை திரும்பி வருவதும் உண்டு, 'இனி இது எதற்கு' என்று அங்கேயே குப்பைக்குப் போவதும் உண்டு. அந்தச் 'செட்டிங்'கை யார் முடிவுசெய்தார்கள்?

இங்கேதான் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. (கொம்யூன் என்ற சொல்லை நமக்கு விட்டுப்போன நாட்டிலிருந்து இதுவும் வந்தது என்பது தற்செயல்தான், ஆனாலும் பிடித்திருக்கிறது.) விலையில்லாதது, மூலநிரல் திறந்தது. பொத்தான்களோடு வரும் எத்தனையோ மாற்றிகள் உள்ளுக்குள் இதையே ஓட்டுகின்றன. நேரடியாகப் பயன்படுத்த விரும்புகிறவருக்குச் சன்னல் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத வேண்டும். மென்பொருளின் பெயர், சிறுகோட்டோடு 'ஐ' என்ற எழுத்து, மூலக்கோப்பின் பெயர், கடைசியில் பிறக்கப்போகும் கோப்பின் பெயர். இடையே சிறுகோடு தாங்கிய தெரிவுகள்.

இந்தத் தெரிவுகளின் இலக்கணம் தமிழருக்கு அந்நியமானதன்று. எந்தத் தெரிவும் தனக்குப் பின்னால் வரும் கோப்பையே தழுவும். நம் பெயரெச்சம் தனக்குப் பின்வரும் பெயரைத் தழுவுவதுபோலத்தான். 'எஸ்எஸ்' என்ற தெரிவு எந்த நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொல்வது. அதை மூலக்கோப்பின் பெயருக்கு முன்னால் வைத்தால் மென்பொருள் அந்த இடத்துக்குத் தாவிப்போய்ப் படிக்கத் தொடங்கும். பின்னால் வைத்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்து, வேண்டாததைக் கழித்துவிட்டு அங்கே வந்துசேரும். சொல் ஒன்றுதான், இடம் மாறினால் செயல் மாறுகிறது. யாப்பு படித்தவர்கள் இதைக் கண்டு மிரளக் காரணமே இல்லை.

மிரள வேண்டியது எழுதப்படாத தெரிவுகளைக் கண்டுதான். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மென்பொருள் சும்மா இருப்பதில்லை. தன் இயல்பிருப்பை எடுத்துக்கொள்கிறது. எம்பி3 கேட்டு வீதத்தைச் சொல்லாவிட்டால் நொடிக்கு 128 கிலோபிட். 24 பிட் ஆழத்தில் கவனமாகப் பதிந்த ஒலியை வேவ் கோப்பாக மாற்றச் சொல்லி ஆழத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 16 பிட்டாக இறங்கிவிடும். தொழில் தெரிந்தவர்கள் இதையெல்லாம் அறிவார்கள், விடுவோம். 128 கிலோபிட் பேருந்தில் போகும்போது கேட்கப் போதும் என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கேட்பதற்கான படி வேறு, மூலமாக வைத்துக்கொள்ளும் படி வேறு. சுருக்கும்போது எறியப்பட்டது திரும்ப வராது. அதன்மேல் மறுபடி சுருக்கினால் பிரதியைப் பார்த்துப் பிரதி எழுதிய கதைதான். ஏடு எழுதுகிறவர்கள் ஏட்டைக் கெடுப்பதைப் பற்றி நம்மிடம் பழமொழியே இருக்கிறது.

ஒலி அளவைச் சீராக்கும் 'லவுட்நார்ம்' என்ற வடிகட்டியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் வகுத்த ஒரு பரிந்துரையை ஒட்டியது. ஒரு நிகழ்ச்சி மெதுவாகவும் அடுத்தது காதைப் பிளப்பதாகவும் இருக்கக்கூடாது என்ற நியாயமான நோக்கம். எதுவும் குறிப்பிடாமல் ஒரே ஓட்டத்தில் ஓட்டினால், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சை ஏழு அலகுக்குள் அடக்க முயலும். செய்தி வாசிப்புக்கு இது பொருத்தம். கூத்துக்கு? கட்டியங்காரன் முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி அடித்தொண்டையில் விடும் நையாண்டியும், திரை விலக்கி வருகிற துரியோதனனின் முழக்கமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்துவிடும். எந்தக் கூத்தையும் கேட்டிராத ஒரு குழு வகுத்த எண் அந்த இரவின் அரங்க அமைப்பைக் கலைத்துவிடுகிறது. இரைச்சல் நீக்கம் இன்னும் மோசம். 'ஏஆர்என்என்டிஎன்' என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. நரம்புவலைப் பயிற்சி பெற்றது. மனிதப் பேச்சை வைத்துக்கொண்டு மற்றதைக் களைவதற்கென்றே பயிற்றப்பட்ட மாதிரியை அதில் ஏற்றினால் முகவீணை, தாளம், ஆர்மோனியம் எல்லாமே அதற்கு 'மற்றது'. கூட்டத்தில் யாரோ அடிக்கும் விசில், அழும் குழந்தை, பந்தலுக்கு வெளியே குரைக்கும் நாய் ஆகியவையும் போய்விடும். அவை இரைச்சலா? ஆடியவர்கள் அவற்றுக்குப் பதில் சொல்லியே ஆடினார்கள்.

நேர் எதிரான ஒரு தெரிவும் உண்டு: 'சி காப்பி'. உள்ளடக்கத்தைத் தொடாமல் கொள்கலனை மட்டும் மாற்றுவது. புத்தகத்தை மறுபடி அச்சுக்கோக்காமல் அட்டையை மட்டும் புதிதாகக் கட்டுவதுபோல. சில நொடியில் முடிந்துவிடும், தரம் இம்மியும் குறையாது. பொத்தான் மாற்றிகளில் இந்த வசதி எங்கோ மூலையில் ஒளிந்திருப்பதால், அட்டை மாற்றப் போனவர்கள் நூலையே திருத்தி எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

திருமண ஒளிநாடாக்களில் சிக்கல் வேறு. நம் நாட்டில் வழங்கிய பால் முறையில் நொடிக்கு 25 சட்டகம்; ஒவ்வொன்றும் ஒற்றைவரி, இரட்டைவரி என இரண்டு புலங்களாகப் பின்னப்பட்டது. 'யாடிஃப்' போன்ற வடிகட்டிகள் அந்தப் பின்னலைப் பிரிக்கும். பிரிக்காமல் அப்படியே சுருக்கினால் தாலி கட்டும் கை சீப்புப் பல்லாகத் தெரியும். மூலப்படியில் பின்னலை அப்படியே விட்டுவைத்து, பார்வைப்படியில் மட்டும் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. நாளை இதைவிட நல்ல பிரிப்பான் வரும்.

இவ்வளவும் யார் கற்பார்கள், ஏரிப்பாசனத்தையும் நாற்றங்காலையும் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கறுப்புத்திரையைக் காட்டுவது அதிகப்படி இல்லையா என்ற எதிர்வாதம் வரும். நியாயமானதே. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தமிழில் கேட்டாலே கட்டளைவரியை எழுதித் தந்துவிடுகிறது என்றும் சொல்வார்கள். தரட்டும், நாங்கள் தடை சொல்லவில்லை. எல்லோரும் கட்டளை எழுத வேண்டும் என்பதல்ல எங்கள் பிடிவாதம். ஓட்டிய கட்டளை எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே. பொத்தானை அழுத்தியதற்குச் சுவடு இல்லை. கட்டளைவரிக்கு உண்டு. அதைப் படித்து, இன்ன இடத்தில் இன்னது வெட்டப்பட்டது என்று முப்பது ஆண்டு கழித்தும் ஒருவர் சொல்ல முடியும். அதை ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி ஒலிக்கோப்போடு வைத்தால் அதுவே பதிப்புரை. 'மெட்டாடேட்டா' என்ற தெரிவின் வழியே ஊர், திருவிழா, ஆடிய குழு, பதிந்தவர், மாற்றியவர் பெயர்களைத் தமிழிலேயே கோப்புக்குள் பொதிந்துவிடவும் முடியும்.

பாகூருக்கு இது புதிய வழக்கமா? ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை வடமொழியிலும் தமிழிலும் செப்பேட்டில் வெட்டினார்கள். எல்லை எது, வருவாய் எவருக்கு என்பதையெல்லாம் சொல்வதோடு, இயற்றியவரையும் பொறித்தவரையும் பெயர் சொல்லிக் குறிப்பது செப்பேட்டு மரபு.

செய்ய வேண்டியதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒலி ஆவணகங்களின் அனைத்துலகச் சங்கம் மூலப்படிக்குக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் நல்லது என்கிறது. 48இல் இருதட ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிகாபைட்டைச் சற்றே தாண்டும். ஆறு பேழைக் கூத்து முழுவதும் பத்து கிகாபைட்டுக்குள் அடங்கும். ஃபிளாக் வடிவில் வைத்தால் இழப்பே இல்லாமல் இன்னும் சுருங்கும். கலை பண்பாட்டுத் துறையின் கிளை நூலகங்களில் ஒன்றிலாவது ஒரு நல்ல பேழை இயக்கி, ஓர் ஒலி இடைமுகம், ஒரு பழைய கணினி, இரண்டு வன்தட்டு, தமிழில் எழுதிய நான்கு பக்கக் கட்டளைக் குறிப்பு, வாரம் ஒருநாள் உட்காரக்கூடிய ஓர் ஆர்வலர். இவ்வளவுதான் கேட்கிறோம். நகரத்து பிரெஞ்சு நிறுவனத்தின் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியது. அதே மண்ணின் வாய்மொழிக்கு ஒரு மேசை கிடைக்காதா?

அதுவரை, பரணில் பை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று பழைய வானொலிப்பெட்டியில் பேழையைப் போட்டுப் பார்க்காதீர்கள். அழுக்கேறிய உருளை நாடாவைச் சுருட்டி இழுத்துவிடும். பேழையின் முதுகில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். இரண்டையும் பேனா முனையால் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யாரும் தவறுதலாகக்கூட அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது.