கவனக்குறைவு என்னும் பொய்ச்சாட்சி

நமது பத்திரிகைகளின் உட்பக்கங்களில் அவ்வப்போது நான்கு வரிச் செய்தியொன்று வெளிவரும். மரக்காலையிலோ தளபாடப் பட்டறையிலோ தொழில்புரிந்த இளைஞர் ஒருவரின் கை மின்வாளில் அகப்பட்டது, விரல்கள் துண்டிக்கப்பட்டன, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். இறுதி வரி பெரும்பாலும் மாறுவதில்லை: "கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் எனத் தெரியவருகிறது."

யாருக்குத் தெரியவந்தது? யார் விசாரித்தார்கள்? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தியறைகளில் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரியின் மூலவர் அநேகமாகப் பட்டறை உரிமையாளராகவே இருப்பார். பொலிஸ் நிலையத்தில் அவர் சொன்னது நிருபரின் குறிப்பேட்டுக்கு வந்து, அங்கிருந்து அச்சுக்குப் போய்விடுகிறது. கையில் கட்டுடன் கட்டிலில் கிடப்பவனிடம் எவரும் ஒரு சொல் கேட்பதில்லை. விசாரணை எதுவுமின்றித் தீர்ப்பு வழங்கப்படுகிறது. ஆகவேதான் கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை ஒரு பொய்ச்சாட்சி என்கிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். கையிற் பிடித்து அறுக்கும் சாதாரண வட்டவாளின் அலகு ஏழே கால் அங்குல விட்டமுடையது. சுமையின்றி ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 தடவை சுழலும். அதாவது, பல்லின் நுனி மணிக்கு 170 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடுகிறது. ஆபத்தை உணர்ந்து கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்காவது வேண்டும். அந்த இடைவெளிக்குள் அலகு பதினாறு, பதினேழு முறை சுழன்றுவிடும். இருபத்துநான்கு பற்கள் கொண்ட அலகாயின் ஏறக்குறைய நானூறு பற்கள் அவ்விடத்தைக் கடந்திருக்கும். உலகிலேயே மிகக் கவனமான மனிதனின் கவனமும் இந்தக் கணக்கின்முன் எடுபடாது. மின்வாளைச் செய்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்தபடியாற்றான் மனிதனின் கவனத்தை நம்பாமல் அதற்குத் தடுப்புகளை வைத்தார்கள்.

கைவாளின் கீழ்ப்புறத்தில் வில்லுச்சுருளால் இயங்கும் மூடியொன்று உண்டு. மரத்தினுள் அலகு நுழையும்போது அது பின்வாங்கும். வெட்டு முடிந்ததும் தானாகவே வந்து பற்களை மூடிக்கொள்ளும். மேசையிற் பொருத்திய வாளுக்கு மேலே மூடியும், அலகின் பின்னால் மெல்லிய உருக்குத் தகடு ஒன்றும் இருக்கவேண்டும். அத்தகட்டின் வேலை, அறுத்த பிளவு மீண்டும் நெருங்கி அலகை இறுக்காமல் காப்பது. ஈரமரமும் முறுக்குள்ள மரமும் அறுக்க அறுக்க நெருங்கும் தன்மையுடையவை. அலகு இறுகியதும் கைவாள் ஆளை நோக்கித் துள்ளும். மேசைவாளாயின் மரத்தைத் தூக்கி ஆள்மீது எறியும், மரத்தைப் பிடித்திருந்த கையையும் பல்லுக்குள் இழுத்துவிடும். விபத்தென்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இமைப்பொழுதில் முடிந்துவிடும்.

இனி, நம் ஊர்ப் பட்டறை ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். கைவாளின் கீழ்மூடி கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், அல்லது இடையில் ஆப்பொன்று செருகப்பட்டிருக்கும். மேசைவாள் வாங்கப் பணம் போதாததால், அதே கைவாள் பலகையொன்றின் அடியிற் தலைகீழாக முடுக்கப்பட்டு, விசை நாடாவினாற் சுற்றி நிரந்தரமாக இயக்கநிலையில் வைக்கப்பட்டிருக்கும். நிறுத்தவேண்டுமாயின் சுவரிலுள்ள செருகியைப் பிடுங்கவேண்டும். கை அகப்பட்டவன் சுவருக்கு எப்படிப் போவான்? இதனினும் கொடியது, இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் மரமறுக்கும் அலகைப் பூட்டுவது. நான்கங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் முறைவரை சுழலும். அதற்கு அடித்தட்டும் இல்லை, பிளவைக் காக்கும் தகடும் இல்லை. மரத்தைக் கவ்வினால் அது எகிறும் திசையில் ஆளின் கழுத்தோ தொடையோ இருக்கும்.

2022 ஆம் ஆண்டு நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டமை எல்லோருக்கும் நினைவிருக்கும். அக்காலத்தில் இடதுகையின் மூன்று விரல்களை இழந்த பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனை வடக்கின் நகரொன்றிற் சந்தித்துப் பேசினேன். பட்டறையின் பெயரை அவன் சொல்லவேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. கூலி நாட்கணக்கிலல்ல, யன்னல் நிலைகளின் எண்ணிக்கையில். மின்சாரம் எப்போது வருமோ அப்போது அறுக்கவேண்டும், எப்போது போகுமோ அதற்குமுன் முடிக்கவேண்டும். அன்று இரவு பத்து மணிக்கு மேல், ஒற்றைக் குமிழின் வெளிச்சத்தில், தலைகீழாய்ப் பூட்டிய வாளில், மூடியின்றி அறுத்துக்கொண்டிருந்தான். மூடி எங்கேயென்று கேட்டேன். "நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அது இருக்கேல்லை, ஐயா" என்றான். முதலாளி வைத்தியசாலைக்கு வந்து சிறுதொகையொன்றைக் கொடுத்து, "தம்பி கொஞ்சம் கவனமாய் இருந்திருக்கலாம்" என்று சொல்லிப் போனாராம். அந்த ஒரு வசனத்தோடு கணக்கு முடிக்கப்பட்டது.

அங்கே தவறியவை எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். மூடி இல்லை, வெளிச்சம் இல்லை, ஓய்வு இல்லை, பயிற்சி தந்தவர் இல்லை, கூலிமுறை ஆளைத் துரத்துகிறது. இத்தனையும் ஒருபுறம் இருக்க, கடைசிக் கணத்தில் கை அரை அங்குலம் நகர்ந்ததை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பெயர் சூட்டுகிறோம்.

இதற்கு வரும் மறுமொழி எனக்குத் தெரியும். "எங்கள் பழைய பாஸ்மார் மூடியா வைத்திருந்தார்கள்? அவர்களுக்குப் பத்து விரலும் இருக்கிறதே" என்பார்கள். விரலை இழந்தவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். பத்து விரலோடு எஞ்சியவர்களே பட்டறையில் நின்று நம்மோடு பேசுகிறார்கள் என்பதே இதற்கு விடை. அதுவுமன்றி, அந்த மூத்தவர்களில் பலர் கைவாளும் உளியும் கொண்டு தொழில் பழகியவர்கள். தசை களைத்தால் கைவாளும் நின்றுவிடும். மின்வாளுக்குக் களைப்பு என்பதில்லை.

"மூடி வைத்தால் வேலை மந்தமாகும்" என்பது இரண்டாவது வாதம். வளைவு வெட்டும்போதும் மிக ஒடுங்கிய சீவல் எடுக்கும்போதும் அது சற்று இடைஞ்சல் தரும் என்பது மெய்யே. அவ்வேலைகளுக்கு வேறு வாளும், மரத்தைத் தள்ளுவதற்கு ஒரு தள்ளுகோலும் உண்டு. துண்டுப் பலகையில் தள்ளுகோல் செய்யப் பத்து நிமிடமும் செல்லாது. வறுமையைக் காட்டி இதையும் மறுப்பார்களாயின், அங்கே இல்லாதது பணமன்று.

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. வட்டவாளுக்கு மூடியும் பின்தகடும் தள்ளுகோலும் வேண்டுமென்று பிரித்தானியா 1922 ஆம் ஆண்டிலேயே மரவேலை இயந்திர ஒழுங்குவிதிகளை இயற்றியது. இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பாகங்கள் காப்பிடப்படவேண்டும் என்கிறது. தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமெனத் தேசிய நிறுவகமொன்று 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமோ 1934 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

இந்தக் கடைசிச் சட்டத்தைச் சற்று ஊன்றிப் படிக்கவேண்டும். தொழிலின்போது தொழில் காரணமாக நேர்ந்த விபத்துக்குத் தொழில்தருநர் நட்டஈடு கொடுக்கவேண்டும். வேலையாள் வெறுமனே கவனம் பிசகினார் என்பது அதற்கு விலக்கன்று. மதுபோதை, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறல், காப்பை வேண்டுமென்றே அகற்றல் போன்றவையே, மரணம் சம்பவிக்காத விபத்துகளில், விலக்குகள். இப்போது விளங்குகிறதல்லவா, மூடி காணாமற்போன கதை ஏன் எப்போதும் "பெடியன்தான் கழற்றினான்" என்றே சொல்லப்படுகிறதென்று? சட்டம் தெரியாத தாயும் தந்தையும் "எங்கட பிள்ளையின் விதி" என்று தலைகுனிந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். தொழிற்சங்கம் எட்டிப்பார்க்காத சிறு பட்டறைகளில் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை.

அமெரிக்காவில் 1999 இல் ஸ்டீவ் காஸ் என்பவர், அலகு மனிதத் தோலைத் தொட்டதும் அதை மின்சமிக்ஞையால் உணர்ந்து, ஒரு செக்கனின் இருநூறில் ஒரு பங்களவில் அலகை நிறுத்திவிடும் மேசைவாளைக் கண்டுபிடித்தார். பெருநிறுவனங்கள் அதனை ஏற்கத் தயங்கின. இத்தகைய பாதுகாப்பு இல்லாத மேசைவாளில் கை சிதைந்த தொழிலாளி ஒருவர் உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுத்தார். 2010 இல் பொஸ்ரன் நகர யூரர்கள், அத்தொழிலாளியிடமும் 35 சதவீதப் பிழை உண்டு என்று கண்டார்கள். கண்டும், அவருக்குப் பதினைந்து இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தார்கள். கவனக்குறைவு இருந்தாலும் பாதுகாப்பற்ற இயந்திரம் குற்றமற்றதாகிவிடாது என்பது அதன் பொருள். அந்த வாளை வாங்க நம்மவரால் இயலாமலிருக்கலாம். அந்த நியாயத்தை எடுத்தாள எவரிடமும் கடன் வாங்கவேண்டியதில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவில் வீட்டு நிலவறையைத் திருத்தும்போது கண்ணாடியும் காதடைப்பானும் அணிந்தே வாளைத் தொடுகிறீர்கள். பழைய வாளை ஊருக்கு அனுப்பும்போது மட்டும் மூடியும் கைநூலும் பெட்டிக்குள் ஏறாமற்போவது எதனால்? கனடிய வாள் 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது. இங்கே 230 வோல்ற்று. தகுந்த மின்மாற்றியின்றிச் செருகினால் மோட்டார் அளவுமீறிச் சுழன்று எரிந்துபோகும். தானம் கொடுப்பவர்கள் இதையும் எழுதி அனுப்புங்கள்.

வாள் பிடிப்பவர்களுக்கு நான் சொல்லத்தக்கவை சில. மரத்தின் கனத்திலும் மூன்று முதல் ஆறு மில்லிமீற்றர் மட்டுமே அலகு கீழிறங்கட்டும். வெட்டி விழவேண்டிய பக்கம் தடையின்றி விழட்டும். இருபுறமும் தாங்குகொடுத்து நடுவில் அறுத்தால் மரம் வளைந்து அலகை இறுக்கும். இரு கைகளாலும் பிடியுங்கள். வெட்டின் நேர்ப்பின்னால் நிற்காதீர்கள். அலகு முற்றாக நின்றபின்பே வாளைக் கீழே வையுங்கள். அலகு மாற்றுமுன் செருகியைக் கழற்றுங்கள். தொங்கும் சாரமும் தளர்ந்த கையுறையும் வேண்டாம். பழைய மரத்தில் ஆணி தேடுங்கள். வடக்கின் மரமாயின் போர்க்காலக் குண்டுச் சிதறல்களையும் தேடுங்கள். மரத்தூளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதற்பிரிவில் வைத்துவிட்டது. மூக்கையும் வாயையும் மூடுங்கள்.

ஆனால் இவையனைத்தும் மூடியுள்ள வாளும் போதிய வெளிச்சமும் அவசரமில்லாத கூலியும் கிடைத்தபின் பேசவேண்டியவை. அவற்றைக் கொடுக்கவேண்டியவர் கொடுக்காமல், கவனத்தை மட்டும் தொழிலாளியிடம் கேட்பது கடன்காரன் வட்டி கேட்பதைப் போன்றது.

என் துறையின் இளையோரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்தமுறை இத்தகைய செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வாளுக்கு மூடி இருந்ததா? அவன் எத்தனை மணிநேரமாக அறுத்துக்கொண்டிருந்தான்? தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட்டதா? விடை கிடைக்கும்வரை அந்தக் கடைசி வரியை எழுதாதீர்கள்.