இடமறிந்து எழுதுவோம்

நுழையும்முன்

ஓர் உயிரினம் யாது என்று அறிவதைப் போலவே, அது எங்கு வாழ்கிறது என்று அறிவதும் அறிவியலின் கடமையாகும். இடத்தைப் பிழையாகக் குறித்த ஒரு வரி நூறாண்டுகள் நிலைத்துவிடக்கூடும். அவ்வரியைத் திருத்துவது ஏன் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சீட்டே சாட்சி

கடலடியில் தண்டூன்றி, இறகு போன்ற கைகளை விரித்து நிற்கும் கடல் அல்லியைக் காண்போர் அதனைப் பூவென்றே எண்ணுவர். அதுவோ நட்சத்திர மீனுக்கு உறவான விலங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்னும் அளவைக் கப்பல் இந்தியக் கடல்களில் திரட்டிய ஆழ்கடல் உயிரிகள், கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இந்தியப் பெருங்கடலின் கடல் அல்லி வகைகளைப் பற்றி ஆஸ்டின் கிளார்க் 1912இல் நூல் எழுதினார். இத்தகைய ஆய்வாளர்க்குக் குடுவையிலுள்ள உயிரியும் அதனோடு கட்டிய சீட்டுமே சாட்சிகள். சீட்டிலுள்ள இடமும் ஆழமும் பிழையானால், சரிபார்ப்பதற்காக மீண்டும் கடலடிக்குச் செல்வது எளிதன்று.

கிடங்கும் காடும்

நிலத்திலும் இத்தகைய குழப்பம் நேர்ந்ததுண்டு. நீலநிறம் ஒளிரும் பெருஞ்சிலந்தி ஒன்றைப் போகாக் என்னும் விலங்கியலார் 1899இல் விவரித்தார். அது கிடைத்த இடம், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் குத்தி நகரிலிருந்த ரயில்வே மரக்கிடங்கு. அதன்பின் 2001இல்தான், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அச்சிலந்தி மீண்டும் காணப்பட்டது. அக்காடு குத்தியிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ளது. முதலில் கிடைத்த சிலந்தி ரயிலேறிக் குத்திக்கு வந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

போகாக் பொய் எழுதவில்லை. கிடைத்த இடம் வேறு. வாழும் இடம் வேறு. அவ்வேறுபாட்டை மறந்து படிப்பதே பிழை. இன்று அச்சிலந்தி மிகவும் அருகிவிட்டது. அறியப்பட்ட அதன் வாழிடம் 100 சதுர கி.மீ.க்கும் குறைவு. பழைய பதிவை மட்டும் நம்பியிருந்தால், கிடங்குக்குக் காவல் நின்று காட்டைக் கைவிட்டிருப்போம்.

தரவில் திணைமயக்கம்

ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறு நிலத்தில் வருவதைத் திணைமயக்கம் எனத் தமிழ் இலக்கணம் ஏற்கிறது. கவிதைக்கு அது அழகு. தரவுக்கு அது கேடு.

இன்று பதிவுகள் கணினியில் சேர்கின்றன. மதுரையை அடுத்த பசுமலை, வட அட்சம் ஏறத்தாழ 9.9 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 78.1 பாகையிலும் உள்ளது. இவ்விரு எண்களையும் இடம்மாற்றித் தட்டச்சு செய்தால், பசுமலையில் கண்ட மயில் ஆர்க்டிக் பகுதியின் ஸ்வால்பார்டு தீவுகளருகே, கடலில் சென்று நிற்கும். நிலவரைபட நூலைத் திறந்து பாருங்கள். இத்தகைய பிழையால் கடல் அல்லியும் பாலையின் நடுவே முளைத்துவிடும்! மயிலின் பிழையை யாரும் உடனே காண்பர். பலரும் அறியாத ஆழ்கடல் உயிரியின் இடம் சற்றே பிறழ்ந்தால், அதைக் கண்டறிவார் மிகச் சிலரே.

திருத்தம் இழுக்கன்று

“பெரியோர் எழுதியதை மாற்றலாமா?” எனச் சிலர் தயங்குவர். திருத்துவது வேறு, அழிப்பது வேறு. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பாடவேறுபாடுகளையும் அடிக்குறிப்பில் காட்டினார். கற்போர் தாமே முடிவுகாண வழிவிட்டார். உயிரினப் பதிவுக்கும் அந்நெறியே உகந்தது. பழைய குறிப்பு அப்படியே இருக்கட்டும். அதனருகே திருத்தமும் சான்றும் நாளும் திருத்தியவர் பெயரும் இடம்பெறட்டும். சான்றின்றித் திருத்துவதோ மற்றொரு பிழையையே விதைக்கும்.

வைகைக் கரையில் ஒரு பறவையைக் கண்டு குறிக்கும் மாணவரும் இவ்வறிவுப் பணியில் பங்கேற்பவரே. எங்கே, எப்போது, எவ்வாறு கண்டோம் என்பதைத் தெளிவாக எழுதுவோம். பிழையெனச் சான்று காட்டுவோரை நன்றியோடு ஏற்போம்.