ஃபார்மட் பண்ணிடலாம்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகக் கடைசி வரைக்கும் படிங்க.

நம்ம ஆலய அலுவலகக் கணினி இரண்டு வாரமாகத் திறக்காமல் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த ரெண்டு வாரமும் புலனக் குழுவில் வந்த பேச்சைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம். "பழசுலா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." "ஃபார்மட் பண்ணா சரியாயிடும்." "பேர் லிஸ்ட்தானே, மறுபடியும் டைப் பண்ணிக்கலாம்." இந்த மூணு பேச்சுமே தப்பு. சொன்னவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, அது எங்களுக்குத் தெரியும். ஆனா நல்ல மனசோட சொன்ன தப்பான யோசனையும் கோவிலுக்கு நட்டம்தான்.

முதல்ல, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. கல்யாணப் பதிவுக் கடிதங்கள். கும்பாபிஷேகக் கணக்கு. நவராத்திரி ஒன்பது நாளுக்கும் எந்தக் குடும்பம் எந்த நாள் உபயம் என்ற வரிசை. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிய அறிக்கைகள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை, எங்கேயாவது ஒரு பிரதி கிடைக்கும். ஆனா இறந்துபோனவங்க பேர், நட்சத்திரம், திதி எழுதி வச்ச மோட்ச தீபப் பட்டியலை எங்க போய்க் கேட்பீங்க? பேர் கொடுத்த பாட்டியும் இப்ப இல்ல. பிள்ளைங்க ஜொகூர்ல, சிங்கப்பூர்ல இருக்காங்க. தாத்தாவோட நட்சத்திரம் என்னன்னு பேரனைக் கேட்டா அவன் என்ன சொல்வான்? அதை மறுபடியும் டைப் பண்ண யாராலும் முடியாது. அதனாலதான் "ஃபார்மட்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்களுக்குக் கோபம் வந்தது.

இப்ப நடந்தது என்னன்னு விளக்குறோம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதனால விண்டோஸ் 11 போட்டுடலாம்னு ஒரு தம்பி ஆசையா முயற்சி பண்ணார். நம்ம கணினி இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு முறைப்படி எட்டாம் தலைமுறையாவது வேணும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேணும். அதனால ஏறல. சரி, விண்டோஸ் 10ஐயே புதுசா போடலாம்னு பயாஸ் உள்ளே போய் லெகசி என்று இருந்ததை யு.இ.எஃப்.ஐ. என்று மாத்தினார். வட்டுல மேல இருந்த சின்ன பார்ட்டிஷன் ஒண்ணைத் தேவையில்லைன்னு நினைச்சு அழிச்சார். அப்புறம் 'இந்த வட்டுல போட முடியாது, இது எம்.பி.ஆர்., ஜி.பி.டி. வேணும்'னு திரையில வந்தது. அதோட நிறுத்திட்டார். நிறுத்தினதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு. அந்தத் தம்பியை யாரும் திட்டாதீங்க. கோவில் வேலைக்கு வர்ற இளைஞர்களே நாலு பேருதான்.

மறுபடி சுவிட்சைப் போட்டா, பூட் ஆகிற சாதனம் எதுவும் இல்லைன்னு கறுப்புத் திரையில ஒரு வரி. அதைப் பார்த்த கடைக்காரர் அஞ்சு நிமிஷத்துல தீர்ப்புச் சொல்லிட்டார்: ஹார்ட் டிஸ்க் போச்சு, புதுக் கணினி 2,600 ரிங்கிட், பழைய தகவலை மீட்கணும்னா அதுக்குத் தனிக் காசு, விண்டோஸ் கீக்கும் தனிக் காசு. மூடியைக்கூடத் திறக்கல.

அன்பர்களே, ராஜகோபுரக் கதவு பூட்டியிருந்தா உள்ளே மூலவர் இல்லைன்னு அர்த்தமா? அந்தக் கறுப்புத் திரை சொன்னது "வாசல் எங்கே இருக்குன்னு தெரியல" என்பது மட்டும்தான். வட்டு செத்துப்போச்சுன்னு அது சொல்லவே இல்லை.

எங்கள்ல பாதிப் பேர் ஃபேக்டரிக்காரங்க. எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிப்பு. ஆனா லைன்ல ஒரு மிஷின் நின்னா என்ன செய்யணும்னு தெரியும். மொதல்ல கரண்ட் வருதா, அப்புறம் சென்சார், அப்புறம் கடைசியா யார் எந்த செட்டிங்கை மாத்தினாங்க. அதைக் கேட்காம மிஷினைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்ற டெக்னீஷியனை மறுநாள் கேட்டுக்குள்ள விட மாட்டோம். கோவில் சாமானுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை?

அதே வரிசையில்தான் பார்த்தோம். பயாஸ் உள்ளே போனா வட்டின் பேர் தெரிஞ்சது. பேர் தெரிஞ்சா வட்டு அடியோடு சாகலன்னு அர்த்தம். அடுத்து, வேற ஒரு கணினியில லினக்ஸ் மின்ட் இறக்கி ஒரு பென்டிரைவ்ல போட்டோம். அது இலவசம். வட்டுல எதையும் நிறுவாம, பென்டிரைவ்ல இருந்தே ஓடும். அதைச் செருகித் திறந்தா எல்லாக் கோப்பும் இருந்த இடத்துல அப்படியே இருந்தது. வட்டின் உடல்நிலையைக் காட்டுற ஸ்மார்ட் அளவுகளும் நல்லாத்தான் இருந்தது. வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் ஒரு வெளி வட்டுல நகல் எடுத்தோம். எடுத்த நகலைத் திறந்தும் பார்த்தோம். மோட்ச தீபப் பட்டியல் திறந்துச்சு. மூச்சு வந்துச்சு.

அதுக்கப்புறம்தான் பழுது பார்க்கிற வேலை. பயாஸை மறுபடி லெகசிக்கு மாத்தினோம். அழிஞ்சுபோன அந்தச் சின்னப் பார்ட்டிஷன்லதான் விண்டோஸைத் தொடங்கி வைக்கிற கோப்புகள் இருந்தது. விண்டோஸ் 10 பென்டிரைவ்ல இருந்து திறந்து, இன்ஸ்டால் பட்டனைத் தொடாம, கீழே இருக்கிற ரிப்பேர் பக்கம் போய், கமாண்ட் திரையில டிஸ்க்பார்ட் மூலமா விண்டோஸ் இருக்கிற பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி, பி.சி.டி.பூட் என்ற கட்டளையால அந்தக் கோப்புகளைப் புதுசா எழுத வச்சோம். கணினி திறந்தது. செலவு? பென்டிரைவ், வெளி வட்டு ரெண்டும் தொண்டர்கள் வீட்டுல இருந்தது. கோவில் காசு ஒரு சென் போகல.

விண்டோஸ் கீ பத்தியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10 டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோட சேர்ந்தது. அதே கணினியில அதே பதிப்பை மறுபடி போட்டா புதுக் கீ வாங்கத் தேவையே இல்லை. தெரியாதவங்கன்னு நினைச்சுக் கேட்கிற காசு அது.

இப்ப சிலர் கேட்கிறது நியாயமான கேள்வி: "ஆதரவு முடிஞ்ச விண்டோஸை வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?" சரிதான். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில கோவில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. அதுக்கு வழி இருக்கு. நீட்டிப்புத் திட்டத்துல பதிஞ்சா 2026 அக்டோபர் 13 வரைக்கும் திருத்தம் கிடைக்கும்னு மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கு. அதுக்குள்ள நிர்வாகம் மூணு கடையில விலை கேட்டு, பொதுக்கூட்டத்துல வச்சு, நிதானமா புதுசு வாங்கட்டும். நாங்க புதுக் கணினிக்கு எதிரி இல்லை. பயத்துல, அவசரத்துல, ஒரே கடைக்காரர் வார்த்தையை நம்பி வாங்குறதுக்குத்தான் எதிரி. இன்னும் சிலர், சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏத்துற குறுக்குவழி இருக்குங்கிறாங்க. இருக்கு. ஆனா அப்படி ஏத்தின கணினிக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாப்ட் உறுதி கொடுக்கல. வீட்டுக் கணினியில விளையாடிப் பாருங்க, கோவில் கணினியில வேண்டாம்.

"தொண்டர்னா பந்தல் போடணும், பாத்திரம் கழுவணும், கணினி உங்களுக்கு எதுக்கு?" என்றும் ஒருத்தர் எழுதியிருந்தார். பாத்திரமும் கழுவுறோம் ஐயா, போன வாரமும் கழுவினோம். உண்டியல்ல விழுற ஒவ்வொரு வெள்ளியும் யாரோ ஓவர்டைம் செஞ்சு போட்டது. அந்தக் காசைக் காப்பாத்துறதும் தொண்டுதான்.

நிர்வாகத்திடம் நாங்கள் பணிவாக, ஆனால் அழுத்தமாகக் கேட்பது இவைதான்:

1. கோவில் தகவலுக்கு எப்பவும் மூணு பிரதி இருக்கணும். ரெண்டு வெவ்வேறு வகைச் சாதனத்துல இருக்கணும். ஒண்ணு கோவிலுக்கு வெளியே இருக்கணும். தண்ணி ஏறினாலும் திருட்டுப் போனாலும் அந்த ஒண்ணு நிக்கும்.

2. மாசம் ஒரு தடவை நகலைத் திறந்து பார்க்கணும். திறந்து பார்க்காத நகல் இருந்தும் இல்லாத மாதிரி.

3. செயலாளரும் பொருளாளரும் கையெழுத்துப் போடாம யாரும் அந்தக் கணினியில ஃபார்மட், ரீஇன்ஸ்டால் எதுவும் செய்யக் கூடாது. நகல் எடுத்தாச்சான்னு கேட்டுட்டுத்தான் கையெழுத்து.

4. கணினி பக்கத்துல ஒரு நோட்டுப் புத்தகம். யார், எந்தத் தேதி, எதை மாத்தினாங்கன்னு எழுதணும். இந்தத் தடவை அது இருந்திருந்தா ரெண்டு வாரம் ஒரு மணி நேரமா சுருங்கியிருக்கும்.

5. கடவுச்சொற்களை உறையில போட்டு ஒட்டி இரும்புப் பெட்டியில வைக்கணும். புதுக் கணினி வாங்கி அதுல பிட்லாக்கர் இருந்தா அதோட 48 இலக்க மீட்புக் குறியீடும் அந்த உறைக்குள்ள போகணும். அது இல்லாம வட்டு பூட்டிக்கிட்டா எங்களாலும் முடியாது, எந்தக் கடைக்காரராலும் முடியாது.

6. மோட்ச தீபப் பட்டியலை அச்சடிச்சு பைண்டிங் செஞ்சு ஐயர் கையில ஒரு பிரதி கொடுக்கணும். கரண்ட் இல்லாத நாள்லயும் அந்தப் பேர்களைச் சொல்லி விளக்கேத்தணும்.

இதுல எதுவும் பெரிய செலவு இல்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்துல இதை நிகழ்ச்சி நிரல்ல சேர்க்கச் சொல்லி எழுத்துப்பூர்வமா கொடுக்கப் போறோம். உங்க குடும்பப் பேரும் அந்தப் பட்டியல்ல இருந்தா நீங்களும் வந்து உட்காருங்க, கேளுங்க. குழுவில் கட்டைவிரல் காட்டுறது மட்டும் போதாது.

வேற கோவில் தொண்டர்கள் இதைப் படிச்சா, இன்னைக்கே உங்க அலுவலகத்துல ஒரு கேள்வி கேளுங்க: "இந்தப் பெட்டி நாளைக்குத் திறக்கலன்னா நம்மகிட்ட என்ன மிஞ்சும்?" பதில் வரலன்னா இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க.

வெள்ளிக்கிழமை பூஜையில் சந்திப்போம்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்