வாழ்ந்ததால் அறிந்துவிட்டோம் என்றாகாது

கொடுங்கோலாட்சி நடக்கும் கற்பனை நாடொன்றையும் அதை எதிர்த்து எழும் மனிதரையும் காட்டும் படங்களை டிஸ்டோப்பியாப் படங்கள் என்கிறார்கள். ‘வி ஃபார் வெண்டெட்டா’, ‘ஹங்கர் கேம்ஸ்’ போன்றவற்றை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கைபேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். இப்படியொரு படம் எங்கள் மொழியில், எங்கள் மண்ணை வைத்து எடுக்கப்பட வேண்டும் என்று யாரும் வாய் திறந்தால் பெரியவர்களிடமிருந்து உடனே வருகிற பதில் ஒன்றுதான்: “அதெல்லாம் நாங்கள் வாழ்ந்து முடித்தது. எங்களுக்கு எதற்குப் படம்?”

இந்தப் பதிலுக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனாலும் பதில் பிழையானது. அதைத் தாங்கி நிற்கும் வாதங்கள் ஐந்து. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“வாழ்ந்தவர்களுக்குப் படம் தேவையில்லை”

வாழ்ந்தவர் எல்லாம் அறிந்தவர் என்பது முதல் பிழை. அச்சத்தால் ஆளும் ஆட்சி ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டுமே காட்டும்.

சுற்றிவளைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்புறம் நாய்கள் குரைக்கும். ஒழுங்கை முடக்குகளில் ஆமி நிற்கும். ஆண்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு கோயில் வீதிக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ வர வேண்டும் என்று அறிவிப்பு வரும். வரிசையாக நடக்கவிடுவார்கள். முன்னால் ஒரு வாகனம். அதற்குள் சாக்கினால் முகம் மூடிய ஒருவர். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவர் பேச மாட்டார். தலையை ஆட்டினால் அந்தப் பிள்ளையைப் பிடித்து ஏற்றுவார்கள். ஆட்டாவிட்டால் வீடு போகலாம். இந்திய இராணுவக் காலத்திலும் பிறகு இலங்கை இராணுவக் காலத்திலும் இதைக் கடந்து வந்தவர்கள் இன்றும் ஊரெங்கும் இருக்கிறார்கள். ‘தலையாட்டி’ என்றால் விளக்கம் கேட்காமலே அவர்களுக்கு வயிறு கலங்கும்.

வரிசையில் நின்றவருக்குத் தெரிந்தது தன் முறை வந்த அந்த ஒரு கணம் மட்டுமே. சாக்குக்குள் இருந்தவர் யார்? முந்தின இரவு அவருக்கு என்ன செய்தார்கள்? இத்தனை பேருக்குத் தலையாட்டினால் விடுவோம் என்றார்களா? அவர் வீட்டில் ஒரு தாய் இதை அறிந்திருந்தாளா? தப்பி வீடு திரும்பியவர், பிடிபட்ட பக்கத்து வீட்டுப் பெடியனின் தாயை அன்று பின்னேரம் எப்படி முகம்கொடுத்துப் பார்த்தார்? இவற்றை வரிசையில் நின்ற எவரும் பார்க்கவில்லை. கற்பனைப் படத்தால் அந்தச் சாக்குக்குள் போக முடியும். இத்தனை வருடமாகியும் நாங்கள் போகாத இடம் அது.

‘வி ஃபார் வெண்டெட்டா’வில் முகமூடி எதிர்ப்பின் சின்னம். கடைசியில் ஊரே அதை அணிந்துகொண்டு படையின் முன்னால் நடந்து வருகிறது. யாழ்ப்பாணத்தில் முகமூடி காட்டிக்கொடுப்பின் சின்னமாக இருந்தது. அதன் முன்னால் ஊரே தலைகுனிந்து நடந்தது. எங்கள் அனுபவத்திலிருந்து எடுக்கப்படும் படம் மேல்நாட்டுப் படத்தின் நகலாக இருக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

இன்னொன்று. 2009இல் போர் முடிந்தபின் பிறந்தவர்கள் இன்று உயர்தர வகுப்பை எட்டிவிட்டார்கள். “நாங்கள் வாழ்ந்தோம்” என்பதில் அவர்கள் இல்லை. வீட்டில் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. பள்ளிக்கூடப் பாடப்புத்தகமும் சொல்லாது. அவர்களிடமிருந்து படத்தையும் பறித்துக்கொண்டால் மிச்சமிருப்பது மௌனம்தான்.

“நடந்ததே போதும், ஆவணப்படம் இருக்கிறது, கற்பனை எதற்கு?”

ஆவணம் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. 2013இல் வெளிவந்த ‘நோ ஃபயர் ஸோன்’ இல்லாவிட்டால் முள்ளிவாய்க்காலில் நடந்ததை உலகம் இந்த அளவுக்காவது பார்த்திருக்காது. செம்மணியில் 1999இல் 15 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அந்த மண்ணில் ஒவ்வொரு எலும்பையும் படம்பிடித்து, இலக்கமிட்டு வைக்க வேண்டியது கட்டாயம்.

ஆனால் ஆவணம் சான்று எஞ்சிய இடத்தில் மட்டுமே நிற்கும். எங்கள் கதையில் சான்று அழிக்கப்பட்ட இடங்களே அதிகம். 1981இல் யாழ் நூலகத்தோடு 97,000 வரையான நூல்கள் எரிந்தன. காணாமலாக்கப்பட்டவர் கடைசியாக எந்த அறையில் இருந்தார் என்பதற்குப் படமும் இல்லை, பதிவும் இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் தெருவோரத்தில் இருந்து போராடிய தாய்மாரின் கையில் இருப்பது பிள்ளையின் பழைய ஒளிப்படம் ஒன்றுதான். அந்தப் படத்துக்கும் இன்றைக்கும் இடையே உள்ள இருட்டில் ஆவணப்படக் கமராவுக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

அந்த இருட்டுக்குள் கற்பனை எப்படிப் போகும் என்று தெற்கிலிருந்து ஒரு படம் காட்டியது. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’வில் ஒரு சிங்களக் கிராமத்துக் கண்பார்வையற்ற தகப்பனிடம், போருக்குப் போன மகனின் உடல் என்று முத்திரையிட்ட பெட்டி வருகிறது. திறக்கக்கூடாது என்பது கட்டளை. கிழவர் மகன் செத்ததை நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுத் தாளில் கையெழுத்து வைக்கவும் மறுக்கிறார். கடைசியில் புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். அதில் ஒரு துப்பாக்கிச் சண்டை கூட இல்லை. ஆனால் ஓர் அரசு தன் மக்களிடம் எப்படிப் பொய் சொல்லி வாழ்கிறது என்பதை எந்த அறிக்கையையும் விட அந்தப் பெட்டி தெளிவாகச் சொல்கிறது.

“இது மேல்நாட்டுச் சரக்கு”

எங்கள் அரங்கை அறியாதவர்தான் இப்படிச் சொல்ல முடியும். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறி ஊர் ஊராகப் போனது. பெயர் சொல்லாமல், குறியீட்டாலும் பாட்டாலும் உடல் அசைவாலும் ஒடுக்குமுறையைச் சொன்ன நாடகம் அது. பாய் விரித்து இருந்து பார்த்த கிராமத்துச் சனங்களுக்கு எவரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. 90களின் தொடக்கத்தில் அதே ஆசிரியரின் ‘அன்னை இட்ட தீ’ போர் மனத்துக்குள் செய்த சேதத்தை மேடைக்குக் கொண்டுவந்தது. நாவலில் பார்த்தால் கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ 1985இலேயே வந்துவிட்டது. விடுதலைக்கென்று போன இளைஞர் தங்கள் இயக்கத்துக்குள்ளேயே சிறையையும் சித்திரவதையையும் காணும் கதை. கொடுங்கோன்மையின் உருவகங்களை இரவல் வாங்க வேண்டிய நிலையில் நாங்கள் ஒருநாளும் இருந்ததில்லை.

காட்சிக்கும் குறைவில்லை. 90களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி பாடியது. பிபிசி தமிழோசை முடியும் வரை சுற்றுகிற கை நிற்கக்கூடாது. பழைய மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எதிர்காலத்தின் அழிந்த நகரத்தைக் காட்டப் பிறநாட்டார் கோடிகள் செலவழித்து உருவாக்கும் உலகத்தில் நாங்கள் சோறு சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

“காசில்லை, தொழிற்துறை இல்லை” என்பதும் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பிரெஞ்சு இயக்குநர் கொதார் 1965இல் ‘அல்ஃபாவில்’ என்ற எதிர்கால நகரத்தைச் செட் எதுவும் போடாமல், அன்றைய பாரிஸ் தெருக்களிலேயே எடுத்து முடித்தார். 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும், வலிகாமம் வடக்கில் கூரையில்லாமல் ஆலமரம் முளைத்து நிற்கும் வீடுகளும் எங்கள் கண்முன்னால் இருக்கின்றன.

“எதிரி ஒருவனே, மற்றதைக் காட்டினால் அரசுக்குத்தான் வாய்ப்பு”

ஐந்திலும் கனமானது இந்த வாதம். அதில் பாதி உண்மை உண்டு. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் குற்றங்களைக் காட்டித் தன் குற்றங்களை மறைப்பது கொழும்பின் பழைய வழக்கம். அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல.

ஆனால் இரண்டு ஒக்ரோபர் 30களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1990இல் அந்த நாளில் புலிகளின் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சோனகதெருப் பக்கம் போனது. முஸ்லிம் மக்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டையும் கடையையும் நகையையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். 1995இல் அதே நாளில், இராணுவம் நெருங்கிய போது, ஒலிபெருக்கி மற்ற எல்லாத் தெருக்களுக்கும் வந்தது. ஓரிரவில் இலட்சக்கணக்கான தமிழர் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள். முதலாவது இனச்சுத்திகரிப்பு. இரண்டாவது, முன்னேறிவந்த அரச படைக்கும் ஊரை வெறுமையாக்கிய இயக்கக் கட்டளைக்கும் நடுவே நசுங்கிய இடப்பெயர்வு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு நாளிலும் ஒலிபெருக்கி சொன்னால் கேள்வி கேட்காமல் படலையைத் தாண்டும் சனமாக நாங்கள் பழக்கப்பட்டிருந்தோம். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதே கொடுங்கோன்மை பற்றிய படம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. எதிரி ஒருவனே என்று தொடங்கும் படத்தால் அதைக் கேட்க முடியாது.

கேட்டவர்கள் கொடுத்த விலையும் எங்களுக்குத் தெரியும். ‘முறிந்த பனை’ நூலில் ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்பினரின் கொடுமையையும் பதிவுசெய்தவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த கவிஞர் செல்வி 1991இல் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், அடுத்த ஆண்டு சர்வதேச பென் விருது அவர் பெயருக்கு வந்தது, அவர் வரவில்லை. இவர்களைக் காட்டாமல் எதிர்ப்பைப் பற்றிப் படம் எடுத்தால், யாழ்ப்பாணத்தில் எதிர்த்து நின்றவர்களில் மிகத் துணிச்சலானவர்களையே வெளியே தள்ளியதாகும்.

2017இல் ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ கான் விழா வரை போய்வந்தது. யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் எதிர்ப்பினால் காட்டப்படாமல் விடப்பட்டது. அந்தப் படத்தின் பார்வையோடு சண்டை போட நிறையக் காரணங்கள் இருக்கலாம். சண்டை போடுவதற்கு முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமல் தடுத்தது அரசுக்குத்தான் உதவியது: “இவர்களுக்கும் கேள்வி பிடிக்காது” என்று சொல்ல அதற்கு ஓர் உதாரணம் கிடைத்தது. நாங்களே எங்கள் கதையை முழுதாகச் சொன்னால், அதில் பாதியை எடுத்து வியாபாரம் செய்ய எவராலும் முடியாது.

“படத்தால் என்ன மாறப் போகிறது?”

ஆட்சியாளர் அப்படி நினைப்பதில்லை. ‘புரஹந்த களுவர’வைப் போர் நிலைமை சீராகும் வரை திரையிட வேண்டாம் என்று 2000இல் அரசு நிறுத்தியது. இயக்குநர் வழக்காடி, உயர் நீதிமன்றக் கட்டளையோடுதான் படம் வெளியே வந்தது. தாய்லாந்தில் 2014 இராணுவப் புரட்சிக்குப் பின் ‘ஹங்கர் கேம்ஸ்’ படத்தின் மூன்று விரல் வணக்கத்தைக் காட்டிய மாணவர்களைப் பிடித்துச் சென்றார்கள். 2021இல் அதே மூன்று விரல் மியன்மார்த் தெருக்களில் உயர்ந்தது. 2013இல் பஹ்ரெய்ன் ‘வி’ முகமூடியின் இறக்குமதிக்கே தடை போட்டது. ஒரு படம் அரசைக் கவிழ்க்காது. ஆனால் ஒருவரை ஒருவர் அறியாத ஆயிரம் பேருக்கு ஒரே சைகையைக் கொடுக்கும். அச்சம் ஆட்களைத் தனித்தனியாக்கித்தான் ஆள்கிறது. தாங்கள் தனியாக இல்லை என்று அந்தச் சைகை அவர்களுக்குக் காட்டுகிறது.

எங்களுக்கு இது பழங்கதையும் அல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று வருடத்துக்கான தற்காலிக ஏற்பாடாக வந்தது. 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் கீழ் பிடிபட்ட முதல் இளைஞர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அதன் நிழலில்தான் வளர்கிறார்கள். தற்காலிகம் என்று வந்தது எப்படி நிரந்தரமாகிறது, அதற்குச் சனம் எப்படிப் பழகிப்போகிறது என்பதைத்தான் இந்த வகைப் படங்கள் எல்லாம் சொல்கின்றன. இதைச் சொல்ல எங்களை விடத் தகுதியானவர்கள் யார்?

ஆகவே வாழ்ந்தது போதும் என்று சொல்லாதீர்கள். வாழ்ந்தது எங்களுக்குத் தழும்பைத் தந்தது. அச்சம் எப்படி வேலை செய்தது, அதில் எங்கள் கை எவ்வளவு இருந்தது, எவர் தலை குனியவில்லை என்ற அறிவை அது தானாகத் தரவில்லை. அந்த அறிவைத் தேடி எழுதவும் நடிக்கவும் படமெடுக்கவும் இளையவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். பெரியவர்கள் செய்ய வேண்டியது இரண்டு: அவர்கள் கேட்கும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் எடுத்த படம் உங்களுக்கு நோகும் இடத்தைத் தொட்டாலும் அதைத் திரையிட விடுங்கள். பிறகு எழுந்து நின்று வாதாடுவோம்.